ஆயாவுக்குக் கேட்கிற மாதிரி படி: வீட்டில் வாசிப்பைத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருக்கிறது. ஒரு கூடம், ஒரு சமையலறை, கூடத்தின் நடுவே பீரோவைக் குறுக்கே நிறுத்தியதில் பிறந்த இன்னொரு அறை. இதில் ஐந்து பேர்: மாமியார், துறைமுகத்தில் ஷிஃப்ட் பார்க்கிற கணவர், பத்தாவது படிக்கிற மகன், ஐந்தாவது படிக்கிற மகள், நான். தெருமுனையில் கண்டெய்னர் லாரி திரும்பினால் ஜன்னல் கம்பி அதிரும். பக்கத்து வீட்டு சீரியலில் இன்றைக்கு யார் அழுகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

"பசங்களுக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் வரணும், எங்கக்கா ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வருகிறவர்கள் இந்த வீட்டைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். தனி மேசை, அதன்மேல் விளக்கு, அலமாரி நிறையப் புத்தகம், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி என்று எதையோ மனதில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அந்த அமைதிக்குக் காத்திருந்தால் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும். சத்தத்துக்குள்ளேயே தொடங்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஒருத்தர் வாய்விட்டுப் படிப்பார், மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. ஒரு காலத்தில் 'பெரிய எழுத்து' என்று அட்டையிலேயே போட்டு வந்த கதைப் புத்தகங்கள் எங்கள் பக்கத்துக் கொண்டித்தோப்பில் அச்சாகி வந்தன. விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை இந்த மாதிரி. சிம்னி விளக்கு வெளிச்சத்திலும் தெரிகிற தடித்த எழுத்து. தெருவில் படிக்கத் தெரிந்தவர் ஒருத்தர் இருந்தால் போதும், சுற்றி உட்கார்ந்து எல்லாரும் கேட்பார்கள். என் மாமியார் கொருக்குப்பேட்டையில் அப்படிக் கேட்டு வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிற இடம் வந்தால் படிக்கிறவருக்கே தொண்டை அடைத்துக்கொள்ளும், எதிர்வீட்டு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவருவார் என்று இன்றைக்கும் சொல்வார்.

அதற்கும் முன்னால் புராணப் பிரசங்கம் இருந்தது. ஒருவர் ஏட்டிலிருந்து பாட்டை வாசிப்பார், இன்னொருவர் பொருள் சொல்வார். ஏழுகிணற்றில் வளர்ந்த வள்ளலார், பிரசங்கம் செய்து குடும்பம் நடத்திய தம் அண்ணனுக்குச் சின்ன வயதில் அப்படி வாசித்துக் கொடுத்தவர் என்பார்கள். ஆக, மௌனமாக மூலையில் உட்கார்ந்து படிப்பது வடசென்னைக்கு ரொம்பப் பின்னால் வந்து சேர்ந்த பழக்கம். வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் கேட்கிற ஆள்

எல்லாரும் புத்தகத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் ஆளைத் தேடச் சொல்வேன். வீட்டில் கை வேலையாக இருந்து காது சும்மா இருக்கிற ஒருத்தரைக் கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் அது என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து காரப்பொடி மீன் வாங்கி வந்தால் ஆய்ந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். காரப்பொடி ஆய்ந்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு பொறுமை வேறு எதற்கும் வேண்டாம். அந்த முக்கால் மணி நேரம்தான் எங்கள் வாசிப்பு நேரமாகத் தொடங்கியது. வாரநாளில் பூண்டு உரிக்கிற நேரம், துணி மடிக்கிற நேரம்.

பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். இது முக்கியம். "வா, உட்கார், கேளு" என்று சொன்ன நிமிஷமே அது ஹோம்வொர்க் ஆகிவிடும். ஆயாவுக்குப் படியுங்கள். பிள்ளைகளுக்குத் தற்செயலாகக் காதில் விழட்டும். என் மகள் முதல் இரண்டு வாரம் பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டாள். மூன்றாவது வாரம் "அந்த நாய் இன்னா ஆச்சு?" என்று குரல் வந்தது.

நேரத்தை டிவியோடு மோதவிடாதீர்கள். சீரியல் நேரத்தில் படிக்க உட்கார்ந்தால் தோற்பது நீங்கள்தான். நாங்கள் சீரியல் முடிந்து சோறு போடுவதற்கு நடுவே இருக்கிற இருபது நிமிஷத்தை எடுத்துக்கொண்டோம். தினமும் முடியாது, வாரத்தில் மூன்று நாள் நடந்தாலே பெரிய விஷயம்.

காசு கொடுத்து வாங்காதீர்கள், இப்போதைக்கு

ஆர்வத்தில் ஆயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வாங்கி, அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவுணர்ச்சியில் கிடக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். முதல் ஆறு மாதம் கிளை நூலகம் போதும். அதற்குண்டான காசை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், வரி ரூபாய்க்கு 10 பைசா. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் அதை உங்கள் வாடகையில் பார்த்திருப்பார்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்துக்கு அவர் ஐந்து விதி எழுதினார். அதில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். ரொம்ப எளிமையாகத் தெரிகிறது. ஆனால் அலமாரி முன்னால் நின்று மகளுக்கு எதை எடுப்பது என்று முழிக்கிறபோது, 'இதற்கு ஆள் யார்?' என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டால் சட்டென்று பதில் வருகிறது.

உறுப்பினராவது எப்படி? ஆதார், குடும்ப அட்டை மாதிரி முகவரி இருக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். படிவம் தருவார்கள். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலையைத் தாண்டாது. பிள்ளை பெயரில் தனியாக ஓர் அட்டை போடுங்கள். அதைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள். என் மகள் அதைப் பள்ளி அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் திரிந்தாள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா நூலகத்திலும் சிரித்த முகத்தோடு வரவேற்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாங்கள் முதலில் போன இடத்தில் "சின்னப் பசங்க புத்தகத்தைக் கிழிச்சிடுவாங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். மகள் முகம் தொங்கிவிட்டது. நான் சண்டை போடவில்லை. இன்னொரு கிளைக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா, கீழ்த்தட்டில் இருக்கிற படக்கதைகளைக் காட்டி "தரையில உக்காந்து பாரு கண்ணு" என்றார். நூலகத்தைவிட நூலகர்தான் முக்கியம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இருப்பது சரிப்படாவிட்டால் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய்ப் பாருங்கள்.

எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாராவும், கோட்டூர்புரத்தில் 2010இல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் ஊர் சுற்றுகிற மாதிரி போய்வர நல்ல இடங்கள். இரண்டாவதில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஆனால் பழக்கம் அங்கே பிறக்காது. நடந்து போகிற தூரத்தில் இருப்பதுதான் பழக்கமாகும்.

எந்தப் புத்தகம்

ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நூலகத்திலேயே ஒரு பக்கத்தை உதடு அசைத்துப் படித்துப் பார்ப்பேன். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை என்றால் திரும்ப வைத்துவிடுவேன். எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் சரி. கண்ணுக்கு நன்றாக இருக்கிற எழுத்து வேறு, வாய்க்கு நன்றாக இருக்கிற எழுத்து வேறு. ஆட்கள் நிறையப் பேசுகிற கதை நல்லது. சிறுகதையானால் ஒரே நாளில் முடியும், ஆயாவுக்கு அதுதான் பிடிக்கும். நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு எதுவானாலும் தோற்காது.

வெளிநாட்டுக் கதைகளில் ஒரே சிக்கல் பெயர். நான்கு எழுத்துக்கு மேல் போனால் எங்கள் வீட்டில் யாருக்கும் நிற்காது. ஆயா அதற்கு அவரே வழி செய்துகொண்டார். கதையில் ஒருவன் கோட்டு போட்டிருந்தால் அவன் கடைசிவரை 'கோட்டுக்காரன்'. இன்னொருத்தி 'அந்த பெரிய வூட்டுப் பொண்ணு'. நாங்களும் அப்படியே படித்துவிடுகிறோம்.

வாய்விட்டுப் படிப்பது

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மொழியில் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. புத்தகத்தில் 'அவன் வீட்டிற்குச் சென்றான்' என்று இருக்கும். அதை அப்படியே வாசித்தால் ஆயா காதில் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி விழுகிறது. 'அவன் வூட்டுக்குப் போனான்' என்றால் கதை எங்கள் தெருவுக்குள் வந்துவிடும். ஆனால் எல்லா வரியையும் இப்படி மாற்றிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் காதில் ஏறாது. பிறகு பாடப்புத்தகம் அவர்களுக்கு அந்நிய ஊர் மாதிரி இருக்கும். ரொம்ப நாள் இதில் குழம்பினேன். கடைசியில் நின்ற வழக்கம் இது: கதை சொல்கிற வரிகளை எழுதியிருக்கிறபடியே படிப்பேன், ஆட்கள் பேசுகிற வரிகளை எங்கள் பேச்சில் சொல்வேன். கதையின் முதல் இரண்டு பக்கத்துக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆள் யார், ஊர் எது என்று பிடிபடும்வரை பேச்சுத் தமிழிலேயே அவிழ்த்துச் சொல்லிவிடுவேன். பிடிபட்ட பிறகு எழுத்துத் தமிழ் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

அடுத்தது ழகரம். எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடும் என்று ஊரே கிண்டல் செய்யும். ஆயா அப்படித்தான் பேசுவார், அதைத் திருத்த எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் மகள் ஒருநாள் 'அந்தச் சிறுவன் பயத்தைத் தின்றான்' என்று படித்தாள். கூடமே சிரித்தது. "பயத்தைத் துன்னுட்டா நல்லதுதானே, அப்புறம் பேயி வந்தா இன்னா?" என்றார் ஆயா. அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம்: பேசும்போது எப்படி வேண்டுமானாலும் பேசலாம், புத்தகம் கையில் இருக்கும்போது மட்டும் நாக்கை மடிக்க வேண்டும். திட்டாமலே மூன்று மாதத்தில் ல, ள, ழ மூன்றும் மகளுக்குப் பிரிந்துவிட்டது.

பழைய பதிப்புகளில் சொற்களைச் சேர்த்துச் சேர்த்து அச்சடித்திருப்பார்கள். 'வந்திருந்தாரென்றும்' என்று ஒரே சங்கிலியாக ஓடும். படிப்பதற்கு முன்னால் ஒருமுறை கண்ணை ஓட்டிவிடுங்கள். சொந்தப் புத்தகமானால் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். நூலகப் புத்தகத்தில் போடாதீர்கள்.

தெரியாத சொல் வந்தால் நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டாம். கேட்கிறவர்களுக்குத் தேவையென்றால் கேட்பார்கள். எங்கள் ஆயா கேட்கிற கேள்விகளே தனி. ஒரு கதையில் வறுமையில் வாடுகிற குடும்பம் இரவில் பட்டினியாகப் படுக்கிறது. "பக்கத்து வூட்ல யாருமே இல்லியா? ஒரு டம்ளர் கஞ்சி குடுக்க மாட்டாங்களா?" என்றார். எழுதியவருக்குத் தோன்றாத கேள்வி. எனக்கும் தோன்றவில்லை.

நிறுத்துகிற இடம் ஒரு கலை. கதவு தட்டப்பட்டது, யார் என்று இன்னும் தெரியாது, அங்கே மூடிவிடுங்கள். கெஞ்சினாலும் மசியாதீர்கள். மறுநாள் நீங்கள் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

பிள்ளை தானாகப் படிப்பதற்கு

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த நாளில் என் மகளுக்கு ஒன்றாம் வகுப்பு வயது. ஒன்றும் இரண்டும் போனில் போயின. மூன்றாம் வகுப்பில் நேரில் உட்கார்ந்தபோது 247 எழுத்தில் பாதிகூட நிற்கவில்லை. கொம்பு எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று தடுமாறினாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள், ஆனாலும் வீட்டில் எல்லாரும் பயந்துபோனோம். பயத்தில் நான் செய்தது தப்பு: தினமும் ஒரு பக்கம் உரக்கப் படிக்க வைத்து, தவறினால் தலையில் அடித்துக்கொள்வேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாலே வயிறு வலிக்கிறது என்றாள்.

மாற்றியது சுவர். தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் போஸ்டர் இல்லாத சுவர் கிடையாது. ஆட்டோவில் போகும்போது தானாகவே எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். 'கண்ணீர் அஞ்சலி', 'மஞ்சள் நீராட்டு விழா', 'வருக வருக'. ஒருநாள் "அம்மா, இமயம் சரிஞ்சிடுச்சாம், எந்தத் தெரு?" என்று கேட்டாள். அஞ்சலி போஸ்டரில் எழுத்து பெரிது, சொல் குறைவு, அதே சொல் திரும்பத் திரும்ப வரும். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தயாரிக்கிறவர்கள் இதைவிடச் சிறப்பாக ஒன்றைச் செய்துவிட முடியாது. பஸ் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, மளிகைச் சீட்டு எல்லாம் இதில் சேர்த்தி. மளிகைச் சீட்டை அவளையே எழுதச் சொன்னேன். 'துவரம் பறுப்பு' என்று எழுதினாள், அண்ணாச்சி துவரம்பருப்பே கொடுத்தார்.

பிறகு பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தன. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையானால் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை, ஒவ்வொன்றும் மெல்லிய சின்னப் புத்தகம். 'நுழை'யில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும். ஐந்தாவது படிக்கிற பிள்ளை 'நுழை' படித்தால் வெட்கமா என்று கேட்டால், இல்லை. ஒரு புத்தகத்தை முடித்தேன் என்று சொல்கிற சுகம் பிள்ளைக்கு முதலில் கிடைக்க வேண்டும். என் மகள் முடித்த முதல் புத்தகத்தை ஆயாவுக்கு நாலு முறை படித்துக் காட்டினாள். நாலு முறையும் ஆயா "அப்புறம்?" என்று கேட்டார். இந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற சக்தி எந்தப் பரிசுக்கும் கிடையாது.

போனில் கதை படிப்பதும் படிப்புதான். ஸ்டோரிவீவர் தளத்தில் படத்தோடு தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நெட் தீர்ந்தால் நின்றுவிடும் என்பது மட்டும்தான் குறை.

வளர்ந்த பையன்

இதற்கு என்னிடம் பாதி மருந்துதான் இருக்கிறது. மகனிடம் போனைப் பிடுங்கி, தலைவர் ஒருவரின் தடிமனான வாழ்க்கை வரலாற்றைக் கையில் கொடுத்தேன். ஒரு மாதம் பன்னிரண்டாம் பக்கத்திலேயே இருந்தான். எனக்கும் அந்தப் புத்தகம் பிடிக்காது என்பதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் எனக்கு உண்மையாகவே தொண்டை கட்டிக்கொண்டது. கதை பாதியில் நிற்கிறது. ஆயா விடவில்லை. "டேய், நீ படிடா. நைனா வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மெஷின் மாதிரி ஒரே குரலில், தப்பிக்கிற வேகத்தில் படித்தான். நான்காம் பக்கத்தில் வேகம் குறைந்தது. பேசுகிற ஆள் மாறினால் குரலும் கொஞ்சம் மாறியது. பதினான்கு பக்கம் போனது. ஷிஃப்ட் முடிந்து வந்த அவன் அப்பா, வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சாவியைத் தேடுகிற மாதிரி பாக்கெட்டைத் தடவினார்.

ஆகவே பதின்வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு என் யோசனை: தொண்டை கட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறை பொய்யாகவும் கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. "உனக்காகப் படி" என்றால் அசையாத பையன் "ஆயாவுக்காகப் படி" என்றால் அசைகிறான். இதற்கு மேல் அவனிடம் நான் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மீதி நேரம் அவனுக்குக் கேரம், ஃபுட்பால், போன். இருக்கட்டும்.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, கதையின் பெயர், யார் படித்தது. மூன்றாவது வரியில் யாராவது சொன்ன ஒரு வாக்கியம், சொன்னபடியே. கருத்து எழுதச் சொல்லாதீர்கள், 'இக்கதையின் மூலம் நான் அறிவது' என்று தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் நோட்டில் ஆயாவின் வரிகள்தான் அதிகம். ஒரு கதை கேட்டு முடித்தால் பதிலுக்கு அவர் ஒன்று சொல்வார். நெருப்பு வருகிற கதை ஒன்றைப் படித்த அன்று, 1985இல் மூர் மார்க்கெட் எரிந்ததைப் பற்றிச் சொன்னார். ஊரே அதைப் பற்றித்தான் பேசியதாம். எங்கள் மாமனார் அங்கேதான் பழைய ரேடியோவுக்குப் பாகம் வாங்குவாராம், நிற்கிற நேரத்தில் பழைய புத்தகக் கடையில் படம் பார்ப்பாராம். மாமனாருக்குப் புத்தகத்தில் படம் பார்க்கிற பழக்கம் இருந்தது அவர் மகனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாங்குவதும் வைப்பதும்

ஆறு மாதம் கழித்து, எந்தக் கதையைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். அதை மட்டும் வாங்குங்கள். ஜனவரியில் புத்தகக் காட்சி வரும், விலையில் 10 சதவீதம் தள்ளுபடி. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். 2021க்கு முன்னால் இந்தச் சுகம் இல்லை, இரண்டு பஸ் மாறி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனோம். பொங்கல் விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்து வாரநாளில் போங்கள். ஆளுக்கு இவ்வளவு ரூபாய் என்று கையில் கொடுத்துவிடுங்கள். என்ன வாங்கினாலும் வாயைத் திறக்கக் கூடாது. மகன் ஒருமுறை முழுக்காசுக்கும் கிரிக்கெட் படப் புத்தகம் வாங்கினான், நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பழைய புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துப்பறியும் கதையில் கொலைகாரன் இல்லாமல் வீட்டுக்கு வந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. தாளில் குண்டூசித் துளை மாதிரி வரிசையாக இருந்தால் அது ராமபாணப் பூச்சியின் வேலை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், அது வீட்டில் இருக்கிற மற்றதையும் தின்னும்.

எங்கள் பக்கத்தில் புத்தகத்துக்கு முதல் எதிரி கடற்காற்று. சுவர் ஓதம் ஏறியே இருக்கும். சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். வேப்பிலையும் வசம்பும் இடையில் போட்டு வைப்பது பழைய வழக்கம், நாங்களும் அதையே செய்கிறோம். இரண்டாவது எதிரி மழைத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கூடத்தில் முட்டிக்குக் கீழே நின்றது. அரிசி மூட்டையைத் தூக்கினோம், கேஸ் சிலிண்டரைத் தூக்கினோம், கீழ்த்தட்டை மறந்துவிட்டோம். அதில் நூலகப் புத்தகம் இரண்டு. வெயிலில் நேராகக் காய வைத்தேன், அட்டை அப்பளம் மாதிரி வளைந்தது. நிழலில், ஃபேன் காற்றில், நாலு தாளுக்கு ஒரு செய்தித்தாள் துண்டு செருகி வைத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் நூலகத்தில் உண்மையைச் சொன்னோம். ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்தோம், இன்னொன்றை அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுத்துக்கொண்டார். அப்போதிலிருந்து எங்கள் வீட்டில் புத்தகம் எல்லாம் பீரோவின் மேல்தட்டில், புடவைகளுக்குப் பக்கத்தில்.

திருப்பிக் கொடுப்பது

இரண்டு வாரக் கெடு என்பதைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அது பால் கணக்குக்குக் கீழே இருக்கிறது. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். தேதி வந்தால் அவர்தான் நினைவுபடுத்துகிறார். கதை முடியவில்லை என்றால் புத்தகத்தை எடுத்துப்போய்க் காட்டிக் கெடுவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு அடையாளமாகப் பஸ் டிக்கெட்டைத்தான் வைக்கிறோம், திருப்பும்போது அதை உருவிக்கொள்ள மறக்காதீர்கள். போன மாதம் எங்கள் மின்கட்டண ரசீது ஒன்று நூலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

அப்புறம், வெள்ளிக்கிழமை போகாதீர்கள். கிளை நூலகத்துக்குப் பெரும்பாலும் அன்றைக்குத்தான் விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் பூட்டியிருக்கும். நாங்கள் இரண்டு முறை போய் ஏமாந்து, பக்கத்துக் கடையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தோம்.